பதின்மூன்றாவது இலை

அமராவதிக் கரையில் இருந்த அந்த மடத்தில், சாப்பாட்டுக்கு உட்காரும்போது எல்லா வரிசையிலும் இலைகள் சமமாக இருக்க வேண்டும். ஒன்று கூடவோ குறையவோ கூடாது. பந்தி போடுவது சென்னியப்பன் பொறுப்பு. ஐம்பது வயதுச் சீடர், முன்பு கணக்கு வாத்தியார். கேட்கவா வேண்டும்? இலை போட்டால் நூல் பிடித்த மாதிரி இருக்கும்.

சீடர்கள் பன்னிரண்டு பேராக இருந்தவரை தொல்லையில்லை. பதின்மூன்றாவதாக நாச்சிமுத்து வந்து சேர்ந்தார். மனைவியும் மகளும் அடுத்தடுத்துச் செத்துப்போன பிறகு, போக்கிடம் இல்லாமல் வந்த மனுஷன். அவருடைய இலை வாசற்படி ஓரமாகத் தனியே விழுந்தது. தினமும் அங்கேதான்.

"நான் என்னங்க பண்ணட்டும்? பதிமூணு பகா எண். எப்படிப் பிரிச்சாலும் ஒருத்தர் மிச்சம்" என்று சென்னியப்பன் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

நாச்சிமுத்து தலை நிமிராமல் சாப்பிட்டார்.

ஆடி மாதத்தில் ஒருநாள் காலை அவரைக் காணவில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஒன்பதாம் நாள் சேதி வந்தது. ஏதோ ஒரு சத்திரத்தில் காய்ச்சலில் கிடந்து, ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் செத்துப்போனாராம்.

அன்று மத்தியானம் சென்னியப்பன் இலை போட்டார். மூன்று வரிசை, நான்கு நான்காக. ஒரு பிசகு இல்லை. சோற்றைத் தொடாமல் எழுந்து குருவிடம் போனார். சீடர்கள் சாப்பிட்டு முடித்த பிறகே சாப்பிடுவது குருவின் வழக்கம். அவர் தாழ்வாரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"சாமி, நான் மடத்தை விட்டுக் கெளம்பறனுங்க. நாச்சிமுத்துவைத் தொரத்துனது நாந்தான்."

"என்ன சொல்லித் தொரத்துன?"

"மிச்சம்னு சொன்னனுங்க."

குரு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"கணக்கு தப்பில்லீங்களே சாமி. கூட ஒரு ஆள் இருந்திருந்தா இப்படி ஆயிருக்காதுங்க."

"ஒற்றைப்படையோட ஒற்றைப்படையைக் கூட்டினா?"

"இரட்டைப்படைங்க."

"பதிமூணோட சேர நான் ஒருத்தன் இங்கயே இருந்தேன். ஒருநாளும் எந்திரிச்சுப் போயி அவன் பக்கத்துல உட்காரல."

சென்னியப்பனுக்கு அழுகை வந்துவிட்டது.

"உங்களைச் சொல்லாதீங்க சாமி. பந்தி போட்டது நான். எத்தனை நாள் மண்டையை ஒடச்சுக்கிட்டேன். ரெண்டால வகுத்தேன், மூணால, நாலால, ஆறால வகுத்தேன். எதுலயும் சரியா வரலீங்க."

"ஒண்ணால வகுத்துப் பாத்தியா?"

சென்னியப்பன் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரே வரிசையாங்க சாமி?"

"ஆமா. பதிமூணு எல போட நம்ம கூடத்துல நீளம் இருந்துச்சு, சென்னியப்பா."