கொய்யாத் தோப்புக்குக் காவல் வந்த சிங்காரம்

உலகத்துக்குப் புத்தியைப் பங்கு போட்ட அன்றைக்கு, மூங்கில்புதூர்க்காரர்கள் மூன்று பேர் மட்டும் வீட்டில் இல்லை. நாச்சிமுத்து, பொங்கியண்ணன், வெள்ளிங்கிரி. கூடப் பிறந்த அண்ணன் தம்பிகள். எங்கே போய்த் தொலைந்தீர்கள் என்று கேட்டால், "பங்கு வாங்கத்தானுங்க போயிருந்தோம்" என்பார்கள்.

மூவருக்கும் வேலை, ஒரு கொய்யாத் தோப்பைப் பார்த்துக்கொள்வது. தோப்பு டவுனில் இருக்கும் ரங்கநாயகியம்மாளுடையது. போன வருடம் காய்த்தது அத்தனையையும் திருடன் அள்ளிக்கொண்டு போனான். அந்த அம்மாள் வந்து மொட்டை மரங்களைப் பார்த்தார். "இந்த வருசமும் பழம் என் கண்ணுல படலேன்னா, மூணு பேரும் சட்டிபானையைத் தூக்கிட்டுக் கிளம்பிருங்க" என்று சொல்லிவிட்டுக் காரேறிப் போய்விட்டார்.

நாச்சிமுத்து தேம்பித் தேம்பி அழுதான். "இதை விட்டா நமக்கு வேற தொழில் தெரியாதேடா!" இந்தத் தொழிலும் தெரியாது என்பதை அந்த நேரத்தில் எடுத்துச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

அழுது முடித்து ஒரு நாய் வாங்கினார்கள். செவலை நிறம், ஒரு காது நட்டுக்கொண்டும் ஒரு காது மடிந்தும் இருக்கும். சிங்காரம் என்று பேர் வைத்தார்கள். ஊசி போடக் கூட்டிப் போன இடத்தில் கால்நடை டாக்டர் நல்ல மனிதர், பாவம், யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல் யோசனை சொன்னார். "எதைப் பழக்கினாலும் முதல்ல நீங்க செஞ்சு காட்டுங்க. சரியாச் செஞ்சா உடனே ஒரு பிஸ்கட் குடுங்க. தினமும் பந்து விளையாடுங்க. எப்பவும் அது சந்தோஷமா இருக்கணும், அதான் முக்கியம்."

மறுநாள் காலையில் பயிற்சி தொடங்கியது. நாச்சிமுத்து, "உட்கார்!" என்று அதட்டினான். பொங்கியண்ணன் சடாரென்று உட்கார்ந்து காட்டினான். சிங்காரம் நின்றுகொண்டே அவனை உற்றுப் பார்த்தது.

"அண்ணா, நான் சரியாச் செஞ்சேனா?"

"கன கச்சிதமாச் செஞ்சே."

"அப்ப பிஸ்கட்?"

டாக்டர் சொன்ன வார்த்தையை மீற முடியுமா? பொங்கியண்ணன் பிஸ்கட்டைத் தின்றான். இது என்ன நியாயம் என்று வெள்ளிங்கிரியும் உட்கார்ந்தான். மாசக் கடைசியில் நாய் வாடிப்போயிருந்தது, தம்பிகள் இருவருக்கும் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை.

பந்து விளையாட்டு இன்னும் விசேஷம். நாச்சிமுத்து பந்தை வீசுவான். எடுத்து வருவது எப்படி என்று காட்ட, வெள்ளிங்கிரி முள்ளிலும் சேற்றிலும் நாலு காலில் ஓடி, பந்தை வாயில் கவ்விக்கொண்டு வருவான். சிங்காரம் நிழலில் படுத்துக்கொண்டு வாலை ஆட்டும்.

"எனக்கு முழங்கால் தேஞ்சு போச்சுண்ணா. அது ஒரு வாட்டியாச்சும் ஓடக் கூடாதா?"

"நாய் சந்தோஷமா இருக்குதா இல்லையா, அதைச் சொல்லு."

வெள்ளிங்கிரி நாயைத் திரும்பிப் பார்த்தான். "இருக்குதுங்ண்ணா."

"பின்னே என்ன? ஓடு."

பழம் மஞ்சள் கட்ட ஆரம்பித்தது. அப்போதுதான் பெரிய சந்தேகம் ஒன்று பொங்கியண்ணனுக்கு வந்தது. "அண்ணா, திருடன் வந்தா சிங்காரம் குரைக்கணும். வர்றவன் திருடன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

மூவரும் வேலியோரம் உட்கார்ந்து ஆழமாக யோசித்தார்கள். கடைசியில் நாச்சிமுத்து தொண்டையைச் செருமினான். "போறவன் வர்றவன் எல்லாரையும் பாத்துக் குரைச்சா அந்த வாயில்லாச் சீவன் தொண்டை என்னத்துக்கு ஆகும்? திருடனைக் கூட்டிட்டு வந்து, இவர்தான் அப்படின்னு நல்லாப் பழக்கி விட்டுட்டா வேலை சுளுவாப் போயிரும்."

திருடன் யார் என்பதில் ஊருக்குள் சந்தேகமே கிடையாது. மாசிலாமணி. மூவரும் அவனைச் சந்தையில் பார்த்துக் கும்பிட்டார்கள். "ஏனுங்ண்ணா, எங்க நாயி உங்களை அடையாளம் தெரிஞ்சுக்கணும். நீங்க தினமும் வந்து போகணும், பெரிய மனசு பண்ணுங்க."

 மாசிலாமணியின் தொழிலில் இப்படி ஓர் அழைப்பு அதுவரை வந்ததில்லை. "உங்களுக்காக வர்றேன்" என்றான்.

வந்தான். சொன்னபடி தினமும் வந்தான். பிஸ்கட்டை நாய்க்கே போட்டான். அடடா, இப்படியும் ஒரு வழி இருக்கிறதா என்று அண்ணன் தம்பிகள் வியந்தார்கள். பந்தை வீசி நாயையே ஓட விட்டான். வாய்க்காலில் அதைக் குளிப்பாட்டி, மடியில் போட்டு உண்ணி பிடுங்கினான். திருடன்தான், ஆனாலும் நாய் மேல் அவனுக்கு உசிராகிவிட்டது. அவன் வாசனை அடித்தாலே போதும், சிங்காரம் கட்டிய கயிற்றோடு துள்ளும்.

"அடையாளம் தெரிஞ்சுக்கிச்சுடா!" என்று நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இனி காவலுக்குக் குறைவில்லை என்று மூவரும் ஒருநாள் சந்தைக்குப் போனார்கள். திரும்பி வந்தால் மரத்தில் பழம் இல்லை. நாயும் இல்லை. மறுநாள் ரங்கநாயகியம்மாள் வருகிற நாள். ஐயோ, அந்த மூன்று பேரும் தலையில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்த்திருந்தால் நீங்களும் கூடச் சேர்ந்து அழுதிருப்பீர்கள்.

விடிந்ததும் நாயைத் தேடிப் புறப்பட்டார்கள். மாசிலாமணி வீட்டு முற்றத்தில் கொய்யாப்பழம் அம்பாரமாகக் குவிந்து கிடந்தது. பக்கத்தில் சிங்காரம். அது யார் வீடு என்று மூவருக்கும் தெரியாது. பொங்கியண்ணன் ஆசையாக ஒரு பழத்தைத் தொடப் போனான். நாய் பல்லைக் காட்டிக் குரைத்த குரைப்பில் மூவரும் வேலிக்கு வெளியே வந்து விழுந்தார்கள்.

"பாத்தியாடா!" நாச்சிமுத்துவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம சிங்காரம் ஒரு பழத்தைத் தொட விடுதா பாரு! இதுவல்லவா காவல்!"

"அதெல்லாஞ் சரிங்ண்ணா. அம்மா வந்து கேட்டா பழத்தை எப்படி எடுக்கறது? நம்மளையும் விடலையே" என்றான் பொங்கியண்ணன்.

மறுபடி ஆழ்ந்த யோசனை. நாய் குரைக்காத ஆள் ஊரிலேயே ஒருத்தர்தான் இருக்கிறார் என்று வெள்ளிங்கிரி கண்டுபிடித்தான். தெருவில் வந்துகொண்டிருந்த மாசிலாமணியிடம் நேரே போனார்கள்.

"அண்ணா, இந்த வீட்டுல எங்க பழம் இருக்குது. உங்களை விட்டா கெட்டிக்காரத் திருடன் வேற யாரு? நீங்கதான் எங்களுக்காகத் திருடித் தரணும். பாதிப் பழம் உங்களுக்கு."

மாசிலாமணி தாடையைத் தடவினான். "திருடித் தர்றேன். ஆனா உள்ள இருக்கறப்ப வீட்டுக்காரன் வந்துட்டா என் கதி என்னாகும்?"

"அதை எங்ககிட்ட விடுங்க!" என்று மூவரும் தெருமுனைக்கு ஓடிப் போய்க் கண்கொத்திப் பாம்பாக நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்து ரங்கநாயகியம்மாளின் கார் வந்து நின்றது. "தோப்புல ஒரு பழம் இல்லை! இங்க நின்னு என்னடா பண்றீங்க?"

"உஸ்! சத்தம் போடாதீங்கம்மா" என்று நாச்சிமுத்து கார் ஜன்னலுக்குள் தலையை விட்டான். "உள்ள உங்க பழத்தைத்தான் திருடிட்டு இருக்கறோம். வீட்டுக்காரன் வந்துருவான்."

"யாருடா அந்த வீட்டுக்காரன்?"

"ஆருன்னு தெரியலீங்கம்மா. ஆனா பெரிய திருட்டுப்பயலா இருப்பானாட்ட இருக்குது. வீடு பூராம் நம்ம பழம்!"