பவளராணியின் வெறும் பெட்டி

கனடாவில் அலுவலகம் கூட்டித் துடைக்கிற பவளராணி, லீவு கிடைத்ததும் யாழ்ப்பாணத்துக்குப் பறந்து வந்தா. ஏறுவதற்கு அந்த நாட்டுப் பாஸ்போட், இறங்குவதற்கு இந்த நாட்டுப் பாஸ்போட். உடுப்பெல்லாம் தோள்பையில், கையோடு ஒரு பெட்டி.

விமான நிலையத்துக் குடிவரவு அதிகாரி இரண்டு பாஸ்போட்டையும் கண்டுவிட்டு மீசையை நீவினார்.

"ஒரு ஆளுக்கு ரெண்டு நாடோ? உம்மட வீடு எது எண்டு பாஸ்போட் இல்லாமல் நிரூபியும் பாப்பம். பிறகுதான் உள்ள விடுவன்!"

வரிசையில் நின்ற சனம் எட்டிப் பார்த்தது. பவளராணி பெட்டியைத் தூக்கி மேசையில் வைத்துத் திறந்தா. உள்ளே ஒன்றுமில்லை.

சந்தேகம் பிடித்த அதிகாரி தலையை உள்ளே விட்டு மூலைமுடுக்கெல்லாம் தடவினார். வந்தது பாருங்கள் அடுக்குத் தும்மல்!

"அது அம்மா வறுத்து இடிச்ச மிளகாய்த்தூள் ஐயா. போனமுறை கொண்டுபோனது, இன்னும் மணக்குது. கனடாவுக்குப் போகேக்க பெட்டி நிறையும், இஞ்ச வரேக்க வெறுமையா வரும். தாய்வீட்டுக்கு ஆரும் தூள் கட்டிக்கொண்டு வருவினமோ?"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு முத்திரையைக் குத்தினார். பாஸ்போட்டை நீட்டும்போது குரல் இறங்கியிருந்தது.

"அக்கா, திரும்பிப் போகேக்கயும் என்ர மேசைக்கே வாங்கோ. பெட்டியை ஒருக்காத் திறந்து காட்டினால் போதும். என்ர அம்மாவும் இப்பிடித்தான் வறுக்கிறவ."