கடைசி வண்டிக்கு ஒரு டீ

பேச்சிமுத்து கடையம் டீக்கடை முன்னால் சைக்கிளை நிறுத்தியபோது கூட வந்த பத்துப் பேரில் ஒருவரும் கண்ணில் படவில்லை. மூன்று நாளாக எல்லா ஊருக்கும் அவர்தான் முதலில் வந்தார். ஐம்பத்து நாலு வயதில் இந்த மிதி மிதிக்கிறோமே என்று உள்ளூரப் பெருமைதான். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போல எழுந்து சாலையைப் பார்ப்பதும் உட்காருவதுமாக இருந்தார். ஆனி மாதத்து மேல்காற்று கடைத் தகரத்தை ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தது.

அடுத்து ஜெசிந்தா வந்தார். பாளையங்கோட்டையில் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பவர். பேச்சிமுத்துவை விடப் பதினாறு வயது இளையவர். ஆனாலும் அவருக்கு 'டீச்சர்'தான். இந்தச் சைக்கிள் பயணம் ஜெசிந்தாவின் ஏற்பாடு.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். எல்லாருக்கும் முந்தி வந்து நல்லா உக்காந்து ஓய்வெடுக்கேன். உள்ள மட்டும் ஓய மாட்டேங்குதே. ஏன்?"

"மதினி வரட்டும் அண்ணாச்சி."

மற்றவர்கள் வந்தார்கள். டீ வந்தது, வடை வந்தது, சிரிப்பும் கேலியும் வந்து தீர்ந்தன. எல்லாரும் சட்டையைத் தளர்த்திக்கொண்டு காற்று வாங்கினார்கள். கடைசியாக ஜெசிந்தா சொன்ன மதினி வந்தாள், பேச்சிமுத்துவின் மனைவி உலகம்மாள்.

"கடைசி வண்டி வந்தாச்சு, கிளம்புங்க," என்று ஹெல்மெட்டை மாட்டினார் பேச்சிமுத்து.

கடைசி வண்டி வந்து சேராமல் யாரும் ஊரை விட்டுக் கிளம்பக் கூடாது. முதல் நாள் காலையில் அவரே முன்மொழிந்த சட்டம் அது. ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும் என்று அன்றைக்கு எல்லாரும் கைதட்டினார்கள்.

உலகம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நான் அடுத்த ஊர்ல பஸ் ஏறி வீட்டுக்குப் போறேன். சைக்கிளை லக்கேஜ் வேன்ல போட்டுக்கிடுங்க."

"ஏன், என்ன குறை? உனக்காக ஊருக்கு ஊரு காத்துக் கெடக்கோம்லா?"

அவள் சைக்கிளைச் சாலைப் பக்கம் திருப்பினாள்.

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு அந்த வீட்டில் 'சோறு எடுத்து வைக்கட்டா', 'கேஸ் தீர்ந்துபோச்சு' தவிர வேறு பேச்சு இல்லை. வழியிலாவது பேசிக்கொள்ளலாம் என்றுதான் அவளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்து, ஓட்டப் பழக்கி, கூட்டி வந்திருந்தார். பஸ் ஏறிவிட்டாளானால் மறுபடி அந்த வீடுதான். பேச்சிமுத்துவுக்குப் பயமாக இருந்தது.

ஜெசிந்தா பக்கத்தில் வந்தார். "உங்க கேள்விக்குப் பதில் எங்கிட்ட இல்ல அண்ணாச்சி. கடைசி வண்டிகிட்ட இருக்கு. மத்தளம்பாறை வரைக்கும் அதுக்குப் பின்னாலயே போங்க. முந்தக் கூடாது."

முந்தாமல் போவது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. எதிர்காற்றில் உலகம்மாள் அங்குலம் அங்குலமாக மிதித்தாள். பிரேக்கிலிருந்து கையை எடுக்காமல் அவர் பின்னால் வந்தார். முன்னால் போனவர்கள் புள்ளியாகி மறைந்தார்கள். ஒரு புளியமரத்து நிழல் வந்தது.

"சித்த நின்னு போவமா?"

"நின்னா அவிய இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்கணும்," என்று சொல்லிவிட்டு அவள் மிதித்தாள்.

மத்தளம்பாறை வந்தபோது அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு, டீ ஒன்று வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் உட்கார, மற்றவர்கள் எழுந்தார்கள்.

"கடைசி வண்டி வந்தாச்சு, கிளம்புவோம்," என்றான் செல்போன் கடை வைத்திருக்கும் சுடலை.

"இருப்பா, இப்பத்தானே வந்தோம்."

"நாங்க வந்து அரை மணி நேரமாச்சு. நீங்க போட்ட சட்டம்தானே அண்ணாச்சி?"

எல்லாரும் சிரித்தார்கள். பேச்சிமுத்து மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை. ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில். மற்றவர்கள் புறப்படுவதற்காகக் காத்து நின்றாள்.

"டீ குடிக்கலையா நீ?"

"மூணு நாளா எந்த ஊர்ல குடிச்சேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

அவர் எழுந்து போய் அவள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். "இறங்கு," என்றார். இறங்கினாள். தன் கையிலிருந்த கிளாஸை அவளிடம் கொடுத்துவிட்டுத் தான் இருந்த இடத்தைக் காட்டினார்.

ஜெசிந்தா மாட்டிய ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அவளருகில் உட்கார்ந்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். சுடலைதான் கடைசி.

அவள் ஏறுவதாகச் சொன்ன, ஊர்ப்பக்கம் திரும்பும் அம்பாசமுத்திரம் பஸ் வந்து எதிரே நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார். பேச்சிமுத்து அவள் சைக்கிளின் ஹேண்டில்பாரை விடாமல் பிடித்துக்கொண்டார். உலகம்மாள் பஸ்ஸை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு டீயை ஊதி ஒரு வாய் குடித்தாள். பஸ் போய்விட்டது.

கிளாஸ் காலியான பிறகும் அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, காற்றுக்குக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பேச்சிமுத்து சாலையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஜெசிந்தாவிடம் குனிந்தார்.

"டீச்சர், குடிச்சு முடிச்சிட்டா. போலாமான்னு கேக்கட்டுமா?"

"நீங்க கேக்காதீங்க அண்ணாச்சி," என்றார் ஜெசிந்தா. "இனிமே அதை மதினி கேப்பாவ."