தலைவர் கையால் விளைந்த தக்காளி

குடியிருப்புச் சங்கத் தலைவர் பத்ரிநாதனுக்குத் தெரிந்த காய்கறித் தோட்டமெல்லாம் சாம்பாருக்குள்தான். அன்று அதிசயமாக மொட்டைமாடித் தோட்டத்துக்கு வந்தவர், அங்கே கூலியில்லாமல் பாடுபடும் இஸ்திரிக்கடை வேதவல்லிக்கு உத்தரவு போட்டார்.

"நாளைக்கு கார்ப்பரேஷன் கமிஷனர் மேடம் தோட்டத்தைப் பார்க்க வர்றாங்க. செடியெல்லாம் தக்காளி தொங்கணும். இல்லேன்னா நீ இந்தப் பக்கமே வராதே!"

"பூவே இப்பதான் விட்டிருக்கு சார்."

"இந்தக் கதையெல்லாம் வேண்டாம்."

"ஆகட்டும் சார்."

மறுநாள் செடிகளில் செக்கச்செவேலென்று தக்காளி தொங்கியது. தலைவருக்குத் தலைகால் புரியவில்லை.

"விதை போட்டதிலேர்ந்து எல்லாம் என் கைதான் மேடம்!"

கமிஷனர் குனிந்து பார்த்தார். "கத்தரிச் செடியில எப்படிங்க தக்காளி காய்ச்சுது?"

தலைவர் வேதவல்லியை முறைத்தார்.

அவள் பணிவாகச் சொன்னாள்: "நான் கடைத் தக்காளியை நூல்ல கட்டினதோட சரிங்கம்மா. விதை போட்டவர் சார்தானே, அவரையே கேளுங்க."