சுவரைப் பார்த்துக் குடித்த கஞ்சி

முன்னொரு காலத்தில், மேகங்களுக்கு அரண்மனைத் தோட்டத்துக்கு மட்டுமே வழி தெரிந்திருந்த காலத்தில், ஒரு ராஜ்யம் இருந்தது. அதன் கடைக்கோடி ஊரில் அண்ணன் தம்பி இருவர் வானத்து மழையை நம்பிக் கம்பு விதைத்தார்கள். விளைந்ததில் பாதி ராஜாவுக்கு. மீதியில் பாதி விதைக்கு. அதற்கும் மிஞ்சியதுதான் அடுப்புக்கு.

அடுப்பில் ஒரே பானை. பானையில் கம்பங்கஞ்சி. முதலில் ஆண்கள் குடித்துவிட்டுக் கம்பங்காட்டுக்குப் போவார்கள். அப்புறம் மூத்த மருமகள் வீராயி. கடைசியில் இளையவள் அழகாத்தா. ஊற்றிக் கொடுப்பவளும் அவள்தான். எல்லோருக்கும் ஊற்றியபின் தன் சட்டியோடு மூலைக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து குடிப்பாள். சட்டியில் என்ன இருந்தது? சுவருக்குத்தான் தெரியும்.

வீராயி மடியில் கைக்குழந்தை. பால் போதாமல் அது அழும். அழகாத்தாவோ பாடுவாள், குனிந்தால் பாட்டு, நிமிர்ந்தால் பாட்டு. கன்னம் இரண்டும் உப்பிப் பளபளக்கும்.

வீராயி யோசித்தாள். பருக்கை எங்கே தங்கும்? பானையின் அடியில். அடிப்பானை யாருக்கு? கடைசியில் குடிப்பவளுக்கு! அந்த நினைப்பு நெஞ்சில் நெருஞ்சி முள்ளாய்த் தைத்தது.

"ஏண்டி, சட்டியைச் சுவத்துக்கு மட்டும் காட்டுற?"

"சுவரு பங்கு கேக்காதுல்லக்கா!"

அழகாத்தா சிரித்தாள். வீராயி சிரிக்கவில்லை.

ஒருநாள் வறண்ட ஏரிக்கரையில் கீரை பறிக்கப் போனாள் வீராயி. பாறை இடுக்கிலிருந்து ஓர் உடும்பு தலையை நீட்டியது.

"கீரை பறிக்கிற மூஞ்சியா இது? ஆளைப் பறிக்கிற மூஞ்சியால்ல இருக்கு."

"ஆத்தாடி! நீ பேசுவியா?"

"பேச்சு ஒண்ணுதான் மிச்சம். மந்திரவாதியா இருந்தவன் நான். கூடப் படிச்சவன் வித்தையைத் திருடினேன். குரு என்னை இப்படி உடும்பாக்கி ஊர்ந்து திரிய விட்டுட்டாரு. பொறாமை வாசம் எனக்கு நல்லாத் தெரியும்."

அது வாயிலிருந்து மூன்று கூழாங்கற்களைத் துப்பியது. "ஒவ்வொண்ணா அடுப்புல போட்டுக் கேளு. நீ யார் மேல பொறாமைப்படுறியோ அவளுது உனக்கு வரும், உன்னுது அவளுக்குப் போகும்."

"வேண்டாம்னு தோணிச்சுன்னா?"

"யாரும் கேக்காம உன் பங்கை நீயே எடுத்து அவளுக்குக் கொடுக்கணும். அப்ப உன் கட்டும் அறும், என் கட்டும் அறும். ஆனா, கல்லு வாங்கிட்டுப் போனவ எவளும் அப்படிக் கொடுத்ததில்லை."

முதல் கல்லைப் போட்டாள். "அவ பாட்டு எனக்கு!" பாட்டு வந்தது. ஆனால் வயிறு இரையும்போது மட்டுமே தொண்டைக்கு ஏறியது. ஏன் அப்படி? சுவருக்குத்தான் தெரியும்.

இரண்டாம் கல்லைப் போட்டாள். "அவ கன்னம் எனக்கு!" கன்னம் வந்தது.

"என்ன புள்ள, குளவி கொட்டிருச்சா?" என்றான் புருஷன்.

"பொண்டாட்டி அழகானா உமக்குப் பொறுக்காதே!"

ஆனால் கன்னத்தில் விரல் வைத்தால் ஈரமண்ணில் பதிவதுபோலக் குழி விழுந்தது, நிரம்பவில்லை. கால்கள் கனத்தன. குழந்தை மார்பைத் தேடித் தேடி அழுது, அழக்கூடத் தெம்பில்லாமல் அடங்கியது. வீராயிக்குப் பயம் பிடித்தது. பருக்கை கிடைத்தால் பால் சுரந்துவிடும், பிள்ளை பிழைத்துவிடும் என்று நினைத்தாள்.

மறுநாள் ஆண்கள் காட்டுக்குப் போனதும், அழகாத்தா கஞ்சி ஊற்றி முடித்ததும், மூன்றாம் கல்லைப் போட்டாள். "அவ சட்டி எனக்கு!"

சட்டிகள் இடம் மாறின. வீராயி ஆசையாகக் குனிந்தாள்.

பானை அலசிய தண்ணீர். ஒரு கல் உப்பு. ஒரு பருக்கை இல்லை. தண்ணீரில் அவளுடைய வீங்கிய முகம்தான் மிதந்தது.

மூலையில் அழகாத்தா திரும்பினாள். ஒட்டிய கன்னம், கம்மிய குரல். "அக்கா, சட்டி மாறிப்போச்சு. இது உங்களுது. பால் கொடுக்கிறவ நீங்க, குடிங்க."

"அப்ப அடிப்பானை?"

"அகப்பையை அடியில விட்டு உங்களுக்குத்தானே அள்ளி ஊத்துவேன்."

"பாட்டு?"

"வயிறு போடுற சத்தம் உங்க காதுல விழக்கூடாதுன்னுதான்."

கன்னத்தைப் பற்றி வீராயி கேட்கவில்லை. அது பட்டினி வீக்கம் என்று அவள் விரலுக்கே தெரிந்துவிட்டது.

"ஏண்டி எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீங்க குடிச்சிருப்பீங்களா?"

குடித்திருப்பேன் என்றுதான் வீராயிக்குத் தோன்றியது. தணலை மிதித்தாற்போல அது சுட்டது.

கெட்டிக் கஞ்சியை எடுத்தாள். பாதியை அழகாத்தாவின் சட்டியில் சரித்தாள்.

"அக்கா, புள்ளைக்கு..."

"குடிடி. சுவத்தைப் பாக்காத. என்னைப் பாத்துக் குடி."

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தார்கள். இரண்டு முகமும் அழுதன. அடுப்பில் கூழாங்கற்கள் வெடித்தன. வாசலில் பனையோலையால் இடுப்பை மறைத்துக்கொண்டு ஒருவன் நின்றான்.

"தாயி, ஒரு வேட்டி கிடைக்குமா? இப்பத்தான் மனுசனானேன்."

வீட்டில் மாற்றுவேட்டி ஒன்றே ஒன்று இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், கொடுத்தார்கள். அவன் பானையைத் தட்டினான். "எதிரெதிரே உக்காந்து குடிக்கிற வரைக்கும் இதோட அடியில பருக்கை இருக்கும்." போகிற போக்கில், மேகங்களுக்கும் அந்த ஊருக்கு வழி சொல்லிவிட்டுப் போனான்.

பானை பொங்கியது, பால் சுரந்தது, குழந்தை தவழ்ந்தது. பாட்டு அழகாத்தாவிடமே திரும்பிப் போனது. இப்போது வயிறு நிறைந்த பிறகு பாடினாள். வீராயிக்கு அந்தக் குரல்மேல் கொஞ்சம் பொறாமை இருக்கத்தான் செய்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

மூலைச் சுவருக்கு அதன்பின் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும்.