நாச்சம்மாள் துப்பாக்கி வாங்கிய கதை

இந்தக் கதையில் சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு. குருவுக்கு முப்பத்தொன்று. நரைத்த தாடியோடு ஒரு குரு வருவார் என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

சீடரின் பெயர் நாச்சம்மாள். பல்லடம் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். கணவர் போன கையோடு, பண்ணையை விற்றுவிடச் சொல்லி வந்த உறவுக்காரர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு, ஒரு கொட்டகையை நான்காகப் பெருக்கியவர். யார் முன்னாலும் தலை குனிந்து நின்று பழக்கமில்லை. அதை யாரும் கேட்காமலேயே சொல்லவும் செய்வார்.

குருவின் பெயர் செலின். போலீஸ் துப்பாக்கி சுடும் அணியில் இருந்து பதக்கங்கள் வாங்கியவர். வேலையை விட்டுவிட்டுக் காங்கயம் சாலையில் ஒரு பொட்டல்வெளியில் தட்டு சுடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் காசு கொட்டிவிடும் என்பதுபோல அளந்துதான் பேசுவார்.

தட்டு என்றால் சாப்பாட்டுத் தட்டு இல்லை. உள்ளங்கை அகலத்தில் ஆரஞ்சு வண்ணம் பூசிய மண்வில்லை. குழிக்குள் இருக்கும் எந்திரம் அதை வானத்தில் வீசும். எந்தப் பக்கம் வீசும் என்பது அதற்கே வெளிச்சம். துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் குரல் கொடுத்தால் தட்டு கிளம்பும். கண் மூடித் திறப்பதற்குள் சுட்டாக வேண்டும். சுடுகிறவர்கள் அதைப் பறவை என்பார்கள். "நம்ம பறவைங்க ஒண்ணுகூட இப்பிடிப் பறக்காதுங்க" என்பார் நாச்சம்மாள். மற்றவர்கள் "புல்" என்று, 'இழு' என்பதை ஆங்கிலத்தில் சொல்லிக் குரல் கொடுக்க, அவர் மட்டும் "போ!" என்று விரட்டுவார்.

அந்தப் பொட்டலில் இருந்த கிளப்பின் துப்பாக்கியில் ஒரு வருடம் பழகினார். கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து உரிமமும் வாங்கிவிட்டார். அன்றைக்கு நேராகக் குருவிடம் வந்தார்.

"அம்மிணி, நான் எந்தத் துப்பாக்கி வாங்கட்டும்?"

குரு வாயைத் திறப்பதற்குள் அவரே பதிலையும் சொன்னார்.

"மில்லு சென்னியப்பண்ணன் அவுரு இத்தாலித் துப்பாக்கியைக் குடுக்கறாராமா. அதையே வாங்கிப் போடலாம்னு இருக்கறனுங்க."

சென்னியப்பன் அந்த மைதானத்தின் ராஜா. அலமாரி கொள்ளாத கேடயங்களை அந்த ஒரு துப்பாக்கியில்தான் வாங்கினார். புதிதாக ஒன்று வந்துவிட்டதால் பழையதை விற்கிறார்.

"அது ஏன்க்கா?" என்றார் குரு.

நாச்சம்மாள் உடைத்துச் சொன்னார்.

"தீபாவளிக்கு முந்தி ஒரு நா, அத்தன பேரு முன்னால சொன்னாருங்க. 'பண்ணையம்மா, தட்டு சுடோணும்னா மொதல்ல தலை குனிஞ்சு பழகோணும். அது உங்களுக்கு வராதுங்க'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானுந்தான் சிரிச்சேன். வூட்டுக்குப் போயிச் சோறு எறங்குல."

"சரி."

"வர்ற மாசம் போட்டியில அவுரு துப்பாக்கியிலயே அவுரைய ஜெயிக்கோணும். அதுக்குத்தானுங்க அது."

"ஞாயித்துக்கிழமை கொண்டு வரச் சொல்லுங்கக்கா" என்றார் குரு.

ஞாயிற்றுக்கிழமை சென்னியப்பன் பெட்டியோடு வந்தார். திறந்தால், அடேயப்பா! வால்நட் கட்டை தேன்போல மின்னியது. இரும்பின் இரண்டு பக்கமும் வெள்ளியில் மயில் செதுக்கியிருந்தது. தோகையின் ஒவ்வொரு கண்ணையும் எண்ணலாம். நாச்சம்மாள் அதைக் கையில் வாங்கி மயிலை விரலால் தடவிப் பார்த்தார்.

குரு குழலைத் திறந்து, தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார்.

"கண்ணை மூடிக்குங்க. அப்படியே தோளுக்கு ஏத்துங்க. கன்னம் கட்டையில படட்டும். இப்பக் கண்ணைத் திறங்க. என்ன தெரியுது?"

நாச்சம்மாளுக்கு முன்னால் சுவர்போல இரும்பு நின்றது. குழலும் தெரியவில்லை, குழல் நுனியில் இருக்கும் குறிமணியும் தெரியவில்லை. பின்னால் சென்னியப்பன் செருமுவது கேட்டது.

"எல்லாந் தெரியுதுங்."

"சரி" என்றார் குரு.

நாச்சம்மாள் தோட்டா போட்டுச் சுட்டார். தட்டுகள் ஒவ்வொன்றாக, நலுங்காமல் தூரத்தில் போய் விழுந்தன. நாச்சம்மாள் விடவில்லை. கழுத்தை முன்னால் நீட்டிப் பார்த்தார். தோளைத் தூக்கிப் பார்த்தார். கடைசியில் கன்னத்தை எடுத்துவிட்டுத் தாடையை மட்டும் கட்டையில் முட்டுக்கொடுத்து ஒரு வழி கண்டுபிடித்தார். "போ!" தட்டு தூளானது. "போ!" அதுவும் தூள். வரிசையாக நாலைந்து உடைந்தன.

சென்னியப்பன் கை தட்டினார். "பாத்தீங்களா? என்ற துப்பாக்கி பேசுது பாருங்க!"

அவர் டீ குடிக்கப் போனதும் நாச்சம்மாள் தாடையைத் தேய்த்துக்கொண்டே குருவிடம் வந்தார். சிவந்து கன்றியிருந்தது.

"பழகீட்டாச் சரியாப் போயிருமுங்க."

"ஆமாக்கா. பழகிடும்."

அந்த ஆமாவில் ஏதோ இடித்தது. "எது பழகிருமுங்க?"

"கழுத்து. வளைஞ்சே பழகிடும்."

நாச்சம்மாள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முகம் கறுத்துப்போயிருந்தது. மைதானத்தில் அடுத்த ஆட்கள் சுட்டு முடித்ததும் குருவின் பக்கம் திரும்பினார்.

"நெசத்தைச் சொல்லிப்போடறன் அம்மிணி. இரும்பு மட்டுந்தான் தெரிஞ்சுது."

"தெரியும்க்கா."

"அப்பறம் ஏன் அப்பவே கேக்குல?"

"'எல்லாம் தெரியுது'ங்கறதை நீங்க அவரு காதுக்குச் சொன்னீங்க. எனக்கு நிஜத்தை எப்பச் சொல்வீங்கன்னு இருந்தேன்."

குரு எழுந்து கிளப் துப்பாக்கியை எடுத்து வந்தார்.

"ரைஃபிள்ல முன்னாடி ஒரு குறி, பின்னாடி ஒரு குறி. ரெண்டையும் சேர்த்துப் பார்த்துச் சுடறோம். இதுல முன்னாடி மட்டும்தான் இருக்கு. பின்னாடிக் குறி எங்கக்கா?"

நாச்சம்மாள் துப்பாக்கியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இல்லாததை எங்கே தேடுவது? பிறகு மெல்லக் கை தன் முகத்துக்குப் போனது.

"என்ற கண்ணா?"

"ஆமா. அந்த மயில் துப்பாக்கிக் கட்டையை அவரு கண்ணு இருக்குற இடத்துக்குச் செதுக்கியிருக்காங்க. அவரு முகம் பெருசு, கை நீளம். துப்பாக்கிதான்க்கா உங்க கன்னத்துக்கு வரணும். நீங்க அதுகிட்டக் குனிஞ்சு போகக் கூடாது."

நாச்சம்மாள் தொடையில் ஓங்கித் தட்டினார். மரத்தில் இருந்த காக்கைகள் பறந்தன.

"இதைத்தானுங்க நான் முப்பது வருசமாச் சொல்லீட்டிருக்கறேன்!"

மறுநாள் இருவரும் கோயமுத்தூரில் துப்பாக்கிக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நாச்சம்மாள் கண்ணை மூடி ஏற்றினார், திறந்தார்.

"இரும்பு."

"அடுத்தது" என்றார் குரு.

"ரோடாட்டம் நீட்டமாக் குழலு தெரியுது."

"அடுத்தது."

"மறுக்கா இரும்பு."

வேலைப்பாடுள்ளவை எல்லாம் தீர்ந்துபோயின. கடைக்காரர் மனசே இல்லாமல் உள்ளே போய் ஒன்றைக் கொண்டுவந்தார். கறுத்த இரும்பு, மங்கல் கட்டை. கன்னம் படுகிற பாகத்தை மட்டும் திருகாணி வைத்து ஏற்றி இறக்கலாம். "பழகறவங்க எடுக்கறதுங்க இது" என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார்.

குரு திருகாணியைத் திருகிக் கட்டையைக் கொஞ்சம் ஏற்றினார். நாச்சம்மாள் கண்ணைத் திறந்தார். குரு இன்னும் கொஞ்சம் ஏற்றினார். நாச்சம்மாள் திரும்பவும் கண்ணை மூடி, துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றி, திறந்தார்.

"என்ன தெரியுது?"

நாச்சம்மாள் கட்டையிலிருந்து கன்னத்தை எடுக்கவே இல்லை.

"அக்கா?"

"துப்பாக்கியவே காணமுங்க, அம்மிணி. நுனியில மணி மட்டும் இத்தினிக்கூண்டு. அதுக்கு அந்தாண்ட காலண்டர்ல மீனாட்சி மூக்குத்தி தெரியுது."

"இதை வாங்கிக்குங்க."

நாச்சம்மாள் துப்பாக்கியைக் கையில் வைத்து மேலும் கீழும் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"இதைப் பாருங்க அம்மிணி. ஒரு பூ இல்ல, ஒரு மயிலு இல்ல. ஒலக்கையாட்டம் இருக்குது. இதைத் தூக்கீட்டுப் போயி நின்னா எவன் திரும்பிப் பாப்பான்?"

"சுடும்போது நீங்களே பார்க்கக் கூடாத சாமான்க்கா அது. அவங்க பார்த்து என்ன ஆகப் போகுது?"

பாதி மனசோடுதான் வாங்கினார். அந்தப் பாதி மனசு அடுத்த நாள் காலையில் முழுசாகிவிட்டது. குருவைத் தவிர மைதானத்தில் வேறு யாரும் வருவதற்குள் வந்து நின்றார். துப்பாக்கி கூப்பிட்ட குழந்தைபோலக் கன்னத்துக்கு வந்தது. கழுத்து நிமிர்ந்தபடியே இருந்தது. "போ!" என்றதும் வானத்தில் ஆரஞ்சுப் பொடி சிதறியது. புகை வரும் குழலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முன்னால் கிடந்த வெறும் பொட்டலைப் பார்த்து, "என்றது! இது என்ற துப்பாக்கி!" என்று சொன்னார். எந்தப் பெருமையையும் கூச்சமில்லாமல் காட்டுகிறவர்தான். ஆனால் அன்றைக்கு அவர் கண் கலங்கியதைக் குரு பார்த்தார். பார்க்காததுபோல இருந்துவிட்டார்.

போட்டி நாள் வந்தது. ஊரிலிருந்து பண்ணை ஆட்களே வேன் பிடித்து வந்திருந்தார்கள். பந்தல், ஒலிபெருக்கி எல்லாம் போட்டிருந்தார்கள். பலபேர் பளபளக்கும் துப்பாக்கிகளோடு நிற்க, நடுவில் நாச்சம்மாள் தன் கறுப்புத் துப்பாக்கியோடு நின்றார். ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆளுக்கு இருபத்தைந்து தட்டு.

முதல் தட்டை விட்டார். கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். அதற்கப்புறம் "போ!" என்ற குரல் கேட்டபோதெல்லாம் வானத்தில் பொடிதான். நடுவில் இரண்டு தப்பின. மற்றதெல்லாம் தூள். பாதிக்கு மேல் போனபோது பந்தலில் பேச்சு நின்றுவிட்டது. ஆண்கள் நாற்காலிகளை விட்டு எழுந்து கயிற்றோரம் வந்து நின்றார்கள். அவர்கள் துப்பாக்கியைப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தலை நிமிர்ந்து நிற்கும் அந்த அம்மாளைப் பார்த்தார்கள்.

நாச்சம்மாள் இருபத்திரண்டு. சென்னியப்பன் இருபத்துமூன்று. மீதிப் பேர் எல்லாம் அதற்குக் கீழே.

பண்ணை ஆட்கள் போட்ட விசிலில் ஒலிபெருக்கியே அடங்கிப்போனது. நாச்சம்மாள் இரண்டாம் பரிசுக் கேடயத்தை இடுப்பில் குழந்தைபோல வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கும்பிடு போட்டார்.

சென்னியப்பன் வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"அசத்திப்போட்டீங்க பண்ணையம்மா. அன்னிக்கே என்ற துப்பாக்கிய வாங்கியிருந்தா இன்னிக்கு என்னையவே ஜெயிச்சிருப்பீங்க."

மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. மனம் நிறைந்துதான் சொன்னார். ஆனால் அவர் போன பிறகும் அந்தச் சொல் போகவில்லை.

நாச்சம்மாள் கேடயத்தை வேனில் வைத்துவிட்டுக் குருவிடம் வந்தார். குரு மர நிழலில் உட்கார்ந்து கறுப்புத் துப்பாக்கியின் குழலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவுரு சொல்றது நெசமுங்களா அம்மிணி?"

"இருக்கலாம்க்கா."

"இருக்கலாமா?" நாச்சம்மாள் இடுப்பில் கை வைத்தார். "ஒரே ஒரு தட்டுங்க! இன்னும் ஒண்ணு உடைச்சிருந்தா அவுருகூடச் சமமா நின்னிருப்பேன். ரெண்டு உடைச்சிருந்தா அவுரைய ஜெயிச்சிருப்பேன். அந்தத் துப்பாக்கியில அது நடந்திருக்குமுன்னா, அதை ஏனுங்க வாங்கவுடல?"

குரு துணியை மடித்து வைத்தார். குழலை மூடி, துப்பாக்கியை இரண்டு கையாலும் எடுத்துச் சீடரிடம் நீட்டினார்.

"அவரு துப்பாக்கியில உடைச்சிருந்தா, அது அவரு உடைச்சது. விட்டிருந்தா, அது மட்டும் நீங்க விட்டது. இதுல விட்ட மூணும் உங்களோடது, உடைச்ச இருபத்திரண்டும் உங்களோடதுக்கா."