முயல் வாங்கிய மூன்று வருஷ வாரன்டி

ஒரு காட்டில், எதை வாங்கினாலும் வீடு வந்து சேரும் முன்பே அது கெட்டுப்போகுமோ என்று கவலைப்படுகிற முயல் ஒன்று இருந்தது.

அதன் மனைவி வெள்ளையம்மாவுக்கு யானையின் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. வளையில் இருந்தபடியே கடிதங்களைத் தட்டச்சு செய்து அனுப்பவேண்டும். திங்கட்கிழமை சேரும்போது சொந்தமாக லேப்டாப் இருக்கவேண்டும். சேர்த்து வைத்த காசை எடுத்துக்கொண்டு இரண்டும் நரியின் கடைக்குப் போயின.

லேப்டாப்பைப் பொறுக்கி எடுக்க வெகுநேரம் ஆகவில்லை. அதன் பிறகுதான் நரி குரலைத் தாழ்த்தியது.

"அண்ணே, கம்பெனி வாரன்டி ஒரு வருஷந்தான். கொஞ்சம் காசு கூடப் போட்டா மூணு வருஷமா நீட்டித் தரேன்."

முயலின் காதுகள் விறைத்துக்கொண்டன. "ஏன், கெட்டுப்போகுமா?"

"கெடாதுன்னு யாரால சொல்ல முடியும்?"

முயல் வாங்கலாம் என்றது. வேண்டாம் என்றது. வாசல் வரை போய்த் திரும்பி வந்தது. தெருவில் போன மயிலைக் கூப்பிட்டு யோசனை கேட்டது. கடைக்கு வந்த காட்டுப்பன்றியையும் விடவில்லை. நரியிடம் கேட்கவேண்டிய ஒரு கேள்வியை மட்டும் கேட்கவே இல்லை, குழந்தைகளே!

"என்னங்க, பொழுது சாயுது," என்று வெள்ளையம்மா பல்லைக் கடித்தது. "அந்தக் காசுக்குக் கீபோர்டு மேல போடுற உறை ஒண்ணு வாங்குங்க. தண்ணி, தூசி உள்ள போகாது. அது போதும்."

"மூணு வருஷ வாரன்டி இருக்கும்போது உறை எதுக்கு?" என்று முயல் காசை நரியிடம் நீட்டிவிட்டது.

மறுநாள் ஆயுத பூஜை. வெள்ளையம்மா சுண்டல் தாளித்துக்கொண்டே குரல் கொடுத்தது.

"லேப்டாப் மூடியில ஒரு பொட்டு வச்சா போதும். திறக்காதீங்க!"

சொன்னதைக் கேட்டால்தானே! ஒரே ஒரு பொட்டு வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளுமோ என்று முயலுக்குப் பயம். லேப்டாப்பைத் திறந்தது. சந்தனத்தைத் தளரக் கரைத்து ஒவ்வொரு எழுத்தின் மேலும் பொட்டு வைத்தது. போதாதென்று பன்னீரும் தெளித்தது.

"ஐயோ, என்ன பண்றீங்க!" என்று வெள்ளையம்மா கரண்டியோடு ஓடிவந்தது.

"பதறாதே. அதான் வாரன்டி இருக்கே."

கும்பிட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தியது. லேப்டாப் அசையவே இல்லை. மறுபடி மறுபடி அழுத்தியும் பலனில்லை. இரண்டும் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடின.

நரி மோந்து பார்த்தது. "சந்தன வாசனை வருதே! தானா கெட்டா நான் பொறுப்பு. ஈரம் பட்டுக் கெட்டது வாரன்டியில வராதுண்ணே."

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"நீங்க கேட்கவே இல்லையே! அடுத்து வாங்குறப்ப ஈரத்துக்குன்னு தனி வாரன்டி போட்டுக்கலாம்ணே."

முயல் சற்று யோசித்தது. "அது எத்தனை வருஷத்துக்கு?" என்று கேட்டது.

வெள்ளையம்மா தலையில் அடித்துக்கொண்டு கடையைவிட்டு வெளியேறியது. திங்கட்கிழமை அந்த வேலையில் அணில் சேர்ந்தது.

நீதி: எதற்குக் காவல் என்று கேட்காமல் காவலுக்குக் காசு கொடுக்காதே, கொடுத்துவிட்டோம் என்று கவனத்தையும் விடாதே.